அண்ணனுக்கும் இருபது சதம் தள்ளுபடி

அந்தப் பையை மட்டும் காலால தள்ளாதீங்க அம்மிணி. உள்ள வெத்தலை பாக்கு, பழம், தேங்காய் இருக்குது. கல்யாணப் பத்திரிகையும் இருக்குது. இல்லீங்க, மேல வெக்க மாட்டேன். மேல வெச்சா எனக்கு முன்னாடி எறங்கறவங்க தூக்கிட்டுப் போயிடுவாங்க. உங்களைச் சொல்லலீங்க, பொதுவாச் சொன்னேன்.

எங்க போறீங்கன்னு கேட்டீங்களே, எதுக்குக் கேட்டீங்க? சும்மாவா? செரி, சும்மாவே இருக்கட்டும். நத்தக்காடையூர் தாண்டி எங்கண்ணன் ஊருங்க. எம் மகளுக்கு வைகாசியில கல்யாணம். தாய்மாமனைக் கூப்பிடப் போறேன். வருவாரான்னு கேக்காதீங்க. வர மாட்டேன்னு சொல்லீட்டாரு. மாமன் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வராம எம் பொண்ணு மணவறையில தனியா வந்து உக்காந்தா, பாக்கறவங்க என்ன பேசுவாங்க? அவளுக்குத்தான் எப்படி இருக்கும்?

ஒரு நிமிசம். உங்க போனை எதுக்குக் கவுத்து வெச்சிருக்கீங்க? ரெக்கார்டு ஏதும் ஓடலையே? கோவிச்சுக்காதீங்க. அந்தக் கல்யாணப் பொண்ணு, எம் மக மிருதுளாவும் இப்படித்தான் போனைக் கவுத்து வெச்சு நான் பேசறதையெல்லாம் புடிச்சா. அதுல ஆரம்பிச்சதுதான் இத்தனையும்.

ஈரோடு கருங்கல்பாளையத்துல வீட்டு மாடியில பெட்ஷீட்டு, துண்டு, போர்வை வெச்சு விக்கறேனுங்க. போர்டெல்லாம் கெடையாது. எல்லாம் கம்ப்யூட்டர்லயும் கூரியர்லயும் போகுது. தெய்வானை ஹோம் டெக்ஸ். தெய்வானை நாந்தான். கேள்விப்பட்டதில்லையா? நெசமாவா? உங்க மெயிலுக்கு ஏதும் வந்ததில்லையா? செரி விடுங்க. எங்க லிஸ்ட்ல இருக்கற ஆளா இருந்தா இதையெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க, அதுக்காகக் கேட்டேன்.

முன்னெல்லாம் மெயிலு நானே எழுதுவேன். "சுத்தமான பருத்தி. டபுள் காட். சாயம் போகாது." அவ்வளவுதான். துணியைப் பத்தித்தானே சொல்லணும்? அதுல என்ன தப்புங்க? ஆனா ஒருத்தருமே தொறந்து பாக்கலைன்னு மிருதுளா சொன்னா. அவ கோயமுத்தூர்ல ஒரு கம்பெனிக்கு மெயிலு எழுதற வேலைதான் பாத்தா. "அம்மா, நீ கடைக்காரி மாதிரி எழுதறே. வீட்டு மனுசி மாதிரிப் பேசு. அவங்க பேரைச் சொல்லிக் கூப்பிடு. நல்லா இருக்கீங்களான்னு கேளு. உன் வீட்டுல நடந்ததைச் சொல்லு. அப்புறம் துணியைப் பத்திச் சொல்லு"ன்னா.

எனக்கு அப்பவே சந்தேகந்தானுங்க. இனிக்க இனிக்கப் பேசறவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எங்களுக்குத் துணி கொண்டாந்து போடற ஒருத்தர் இருக்காரு. என்னைக்கு வாசல்ல நின்னு "அக்கா சாப்டாச்சுங்களா? ஏன் எளைச்சுப் போயிட்டீங்க?"ன்னு கேக்கறாரோ, அன்னைக்கு அந்தக் கட்டைப் பிரிச்சுப் பாக்காம வாங்க மாட்டேன். அடியில கண்டிப்பா ஓட்டைப் பீஸ் ஒண்ணு இருக்கும். அப்படிப்பட்ட நானே போயி ஊருல இருக்கறவங்களையெல்லாம் சாப்டீங்களான்னு கேக்கறதா? கேட்டா என்னை நம்புவாங்களா?

நம்பினாங்க. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியலை.

மொத மெயிலு எங்க வீட்டுக்காரரைப் பத்தி. புதுப் பெட்ஷீட்டுல டீயைக் கொட்டிட்டு, நான் பாத்துடுவேன்னு அந்தக் கறை மேலயே பொழுதெல்லாம் உக்காந்திருந்தாரு. சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கலை. அதை மிருதுளா எழுதி அனுப்பினா. அன்னைக்குப் போன பெட்ஷீட்டைக் கட்டி முடிக்க எங்களுக்குக் கை வலிச்சுப் போச்சுங்க. அவரு ஒரு வாரம் எங்கிட்டப் பேசலை. அது வேற கதை.

சனங்க பதில் வேற எழுதுனாங்க. தென்காசியில ஒரு அம்மா, அவங்க வீட்டுக்காரர் போயி வருசமாச்சாம், அவரு டீ கொட்டின பாயை இன்னும் எடுத்து வெச்சிருக்காங்களாம். பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. மிருதுளா படிச்சுட்டு அழுதா. நான் அழலீங்க. ஆருன்னே தெரியாத எங்கிட்ட இந்தம்மா எதுக்கு இதைச் சொல்றாங்க? துணியைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லப் போறாங்க, அதுக்குத்தான் அடிபோடறாங்கன்னு நெனைச்சேன். இன்னும் திருப்பி அனுப்பலை. நானும் எதிர்பாத்துட்டுத்தான் இருக்கேன்.

கண்டக்டர் மீதி குடுத்துட்டாருங்களா உங்களுக்கு? எண்ணிப் பாத்துக்குங்க.

எங்க விட்டேன்? ஆங், போர்வை. குளிருக்கு வாங்கிப் போட்ட போர்வை அப்படியே மேல பரணு, அட்டம் நெறையாக் கெடந்துச்சு. பங்குனி பொறந்துருச்சு. நம்ம ஊரு வெயில்ல ஆரு போர்வை வாங்குவா? மிருதுளா பக்கத்துல வந்து உக்காந்து, "ஏம்மா, சின்ன வயசுல குளிருக்கு நீங்கெல்லாம் என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டா. போனு கவுந்து கெடந்துச்சு. மக ஆசையாக் கேக்கறாளேன்னு நானும் சொன்னேன்.

எங்கப்பாரு அப்ப வேறொருத்தர் தோட்டத்துல பண்ணையத்துக்கு இருந்தாரு. நாங்க குடியிருந்த ஓலைச் சாளையில ஒரே ஒரு நல்ல போர்வைதான். எங்கண்ணன் அதை எனக்குப் போத்தி விட்டுட்டு, "எனக்கு வேர்க்குது சாமி, நீ போத்திக்கோ"ன்னு சொல்லீட்டு, மாட்டுத்தீவனச் சாக்கை ஒதறிப் போத்திக்குவாரு. மார்கழிக் குளிர்ல ஆருக்குங்க வேர்க்கும்? காலையில எந்திரிச்சா அவர் கன்னத்துல சாக்கோட தடம் கட்டம் கட்டமாப் பதிஞ்சிருக்கும். நான் அதைத் தொட்டுப் பாத்துச் சிரிப்பேன். அவ்வளவுதான் நான் சொன்னது. எம் மககிட்டச் சொன்னது.

அதை அவ எப்படி எழுதினாங்கறீங்க? எனக்கு மனப்பாடமே ஆயிருச்சு.

"நலமா? வெயிலில் அலையாதீர்கள். இன்று உங்களிடம் மட்டும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எனக்கு ஓர் அண்ணன் உண்டு. வீட்டில் இருந்த ஒரே போர்வையை எனக்குத் தந்துவிட்டு, சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கியவர். அவர் கன்னத்தில் பதிந்த அந்தத் தடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தக் குளிர் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டாம். எல்லாப் போர்வைகளுக்கும் இருபது சதம் தள்ளுபடி, ஞாயிற்றுக்கிழமை வரை மட்டும். உங்கள் சகோதரி, தெய்வானை."

ஞாயித்துக்கெழமை வரைக்கும் எங்கீங்க? அட்டம் அதுக்கு முன்னாடியே காலி. கொளுத்தற வெயில்ல சனங்க போர்வை வாங்கறாங்க!

அதோட நின்னிருந்தாத் தேவலை. மெட்ராஸ்ல ஒருத்தர் காசைக் கட்டிட்டு எழுதறாரு, "இந்தப் போர்வை எனக்கு அல்ல. உங்கள் அண்ணனுக்கு அனுப்பிவிடுங்கள்"னு. பின்னாடியே ஓசூர்ல ஒரு டீச்சர். அப்புறம் வெளிநாட்டுல இருந்து ஒரு புருசன் பொண்டாட்டி. இப்படி ஏழெட்டுப் பேரு, எங்கண்ணனுக்குப் போர்வை அனுப்பச் சொல்லிக் காசு கட்டியிருக்காங்க. மிருதுளா என்ன சொன்னா தெரியுமுங்களா? "காசைத் திருப்பி அனுப்பிடலாம்மா, மாமா தப்பா நெனைச்சுக்குவாரு"ன்னா. நான் விடலை. காசை வாங்கிப் போட்டுட்டு, அப்புறம் திருப்பறேன் கிருப்பறேன்னு ஆரம்பிச்சா நாளைக்கு என்னை ஃபிராடும்பாங்க. அனுப்பச் சொன்ன எடத்துக்கு அனுப்பறதுதானுங்களே யாவாரம்? அத்தனையையும் கட்டி, அவங்கவங்க சொன்ன வாசகத்தை மேல ஒட்டி, எங்கண்ணன் விலாசத்துக்குப் போட்டு உட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

எங்கண்ணன் இப்பப் பழைய ஆளு இல்லீங்க. தென்னந்தோப்பு இருக்குது, மாடி வீடு இருக்குது, பையன் பெங்களூர்ல இருக்கான். ஊருக்குள்ள ஒரு பஞ்சாயத்துன்னா அவரு வந்தாத்தான் பேச்சே ஆரம்பிக்கும். அந்த வீட்டு வாசல்ல, சித்திரை வெயில்ல, கூரியர்காரன் நாளும் ஒரு போர்வையைக் கொண்டுட்டு வந்து எறக்கறான். மேல என்ன ஒட்டியிருக்குது? "குளிரில் வாடிய அண்ணனுக்கு." டீக்கடையில கேட்டிருக்கானுங்க, "ஏனுங்க, உங்க ஊட்டுல மட்டும் அவ்வளவு குளிருங்களா?"ன்னு.

அப்பத்தான் அவரு தன்னோட மெயிலைத் தொறந்து பாத்திருக்காரு. அவருக்கும் வந்திருக்குதுங்க. அவரும் லிஸ்ட்ல இருக்காரு. அந்தக் கம்ப்யூட்டர், லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொருத்தர் பேரையும் எடுத்து அதுவா மேல போட்டுக்கும். "அன்புள்ள நாச்சிமுத்து."

நாச்சிமுத்து! நெனைச்சுப் பாருங்க அம்மிணி. கூடப் பொறந்த அண்ணன், எனக்கு மூத்தவரு. அவர் பேரை நான் வாயில சொன்னதே இல்லை. ரேசன் கடையில அண்ணன் பேரு என்னன்னு கேட்டாக்கூட எழுதித்தான் காட்டுவேன். அவரைப் போயி, அன்புள்ள நாச்சிமுத்து, எனக்கு ஓர் அண்ணன் உண்டு! அவர்கிட்டயே! அடியில தள்ளுபடி!

அவரு எதுக்கு லிஸ்ட்ல வந்தாருன்னு நீங்க கேக்கலை. நானே சொல்றேன். எனக்கு அதுலயும் ஒரு சந்தேகம் இருக்குது. அவரு எங்க கடையில துணி வாங்கறாருங்க. நேர்ல வந்தா நான் காசு வாங்க மாட்டேன்னு கம்ப்யூட்டர்லயே முழுக் காசையும் கட்டிடறாரு. கடை ஆரம்பிச்சதுல இருந்து மாசம் தவறாம, ஒருக்கா துண்டு, ஒருக்கா தலையணை உறை. மிருதுளாதான் தேடிக் கண்டுபுடிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை அந்த மனுசன். அவரு ஊட்டுல இருக்கறதே ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கு எதுக்குங்க அத்தனை துண்டு? வெளிய எச்சா வெலை வெச்சு விக்கறாரோ, இல்லை தரம் எப்படின்னு வேவு பாக்கறாரோன்னு நெனைச்சேன். மிருதுளாகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு பார்வை பாத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு யாவார நெளிவு சுளிவு தெரியறதில்லை.

அப்புறம் மிருதுளாவுக்குப் போன் பண்ணியிருக்காரு. எனக்குப் பண்ணலை. அவகிட்ட, "அம்மிணி, உன்மேல எனக்கு ஒண்ணுமில்லை. நீ நல்லா இருக்கணும். ஆனா மாமன் சீருக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு உங்கம்மாவை. லிஸ்ட்ல ஆயிரம் அண்ணன் தம்பி இருக்காங்கல்ல"ன்னு சொல்லீட்டு வெச்சுட்டாரு. அவ அழுத அழுகையைப் பாக்க முடியலீங்க. என்னமோ நான் வேணும்னே பண்ணின மாதிரி.

இது அவரு பேச்சே இல்லை, எங்க நங்கை சொல்லிக் குடுத்ததுன்னு அப்பவே சொன்னேன். நங்கைன்னா அண்ணன் சம்சாரம், சாந்தாமணி. என்னைக்கும் எங்கிட்டச் சிரிச்சுத்தான் பேசுவாங்க. அதுதான் எனக்குப் புடிக்காதது. காரணமில்லாம ஒருத்தர் எதுக்குச் சிரிக்கணும்? பொங்கலுக்கு முறுக்கு சுட்டு அனுப்புவாங்க. நானும் வாங்கி வெச்சுக்குவேன். ஆனா ஒரு கண்ணு வெச்சுட்டே இருப்பேன்.

நானே போன் பண்ணினேன். எடுத்தாரு. எடுத்தவரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? "சொல்லுங்க மேடம்"னாரு.

மேடமாம்.

என்ன பேசறதுன்னு தெரியாம, "அண்ணா, நல்லா இருக்கீங்களா, வெயில்ல அலையாதீங்க"ன்னேன். "அதான் மெயில்லயே கேட்டிருந்தீங்களே"ன்னாரு. அப்புறம் என்னத்தைப் பேசறது? பூரா வார்த்தையும் ஏற்கெனவே செலவாகிப் போயிருச்சு. நான் எதைச் சொன்னாலும் விக்கறதுக்குச் சொன்ன மாதிரியே இருக்குது.

மிருதுளாவை உக்கார வெச்சு இன்னொரு மெயிலு எழுதச் சொன்னேன். இது கடை மெயிலு இல்லை, பேரு போடாதேன்னு சொல்லி, நானே வாயால சொல்லச் சொல்ல அவ அடிச்சா. "அண்ணா, தெரியாம நடந்து போச்சு. உங்க பேரை மிசினு போட்டுச்சு, நான் போடலை. மிருதுளாப் பாப்பாவை நீங்கதான் மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். இது உங்களுக்கு மட்டும் எழுதறது, வேற ஆருக்கும் போகலை." அத்தனையும் நெசமுங்க. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. சொல்லும்போது எனக்கு அழுகை வந்துருச்சு. எனக்கு! கூரியர் காசுக்குக்கூட அழாத ஆளு நான்.

அதுக்கு அவரு பதில் போட்டாரு. "போன மெயிலிலும் உங்களிடம் மட்டும் என்றுதான் இருந்தது. இதில் எத்தனை சதம்?"

அவ்வளவுதான் பதிலு.

அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. கோவம் ஒரு பக்கம். என்னைப் போயி நம்பலையேன்னு ஆங்காரம். உலகத்துல ஒருத்தரையும் நான் நம்பினதில்லை, அது வேற. ஆனா என்னை ஒருத்தர் நம்பாம இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்க. அதுவும் அவரு. தென்காசி அம்மா நம்பறாங்க, ஓசூர் டீச்சர் நம்பறாங்க, மூஞ்சி தெரியாத சனங்க எல்லாம் நம்பிப் போர்வை அனுப்பறாங்க. சாக்கைப் போத்தின மனுசன் நம்ப மாட்டேங்கறாரு.

அதுக்குத்தான் பொறப்பட்டு வந்துட்டேன். காருல வந்தா பவுசு காட்டறான்னு நங்கை சொல்லும், பஸ்ஸுலயே வந்தேன். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வரலை. அவரு வந்தா டீ கொட்டின கதையைச் சொல்லி எங்கண்ணன்கூடச் சேந்துக்குவாரு.

என்ன கேட்டீங்க? இந்தச் சாக்குக் கதையை அவர்கிட்ட நேர்ல எப்பவாச்சும் சொல்லியிருக்கேனான்னா?

அவர்கிட்ட எதுக்குங்க சொல்லணும்? போத்தினது அவருதானே, அவருக்குத் தெரியாதா? அவர்கிட்டயே போயி நீங்க எனக்காகச் சாக்குப் போத்தினீங்கன்னு சொன்னா, இவளுக்கு என்ன ஆச்சுன்னு பாக்க மாட்டாரா? கூடப் பொறந்தவங்ககிட்ட ஆராச்சும் இதையெல்லாம் சொல்லுவாங்களா? வாங்க, சாப்புடுங்க, போயிட்டு வாங்க, அவ்வளவுதானே. நீங்க சொல்லிக்குவீங்களா உங்க ஊட்டுல?

ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். காலையில இருந்து கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிச் சொல்லிப் பாத்தேனுங்க. எப்படிச் சொன்னாலும் மிருதுளா எழுதின மாதிரியே வருது. கடைசியில ஞாயித்துக்கெழமை வரை மட்டும்னு வந்துருமோன்னு பயமா இருக்குது. உங்ககிட்ட வந்த மாதிரி அவர்கிட்ட வர மாட்டேங்குது. நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாது. உங்க பேரைக்கூட நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்.

நத்தக்காடையூர் தாண்டிட்டோமா? அடுத்து எங்க ஸ்டாப்புதான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுங்க. பாத்து, தேங்காய் உருளும்.

அய்யோ.

அம்மிணி, அங்க புளியமரத்தடியில வண்டியோட நிக்கறது எங்கண்ணனுங்க. வெள்ளை வேட்டி. அவரேதான். இவருக்கு நான் வர்றது எப்படித் தெரியும்? நான் ஆர்கிட்டயும் சொல்லலையே. மிருதுளா! அவதான் துப்புக் குடுத்திருக்கா. இந்த வெயில்ல எவ்வளவு நேரமா நிக்கறாரோ, சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது. எதுக்கு நிக்கறாரு? வீட்டுக்கு வந்துடக் கூடாதுன்னு இங்கயே மறிச்சுத் திருப்பி அனுப்பவா? அதான். வண்டியில ரெண்டாவது ஹெல்மெட்டு வேற தொங்குது பாருங்க. என்னை ஏத்திட்டுப் போயி காங்கேயத்துல ஈரோடு பஸ்ஸுல உக்கார வெக்கத்தான்.

கையை ஆட்டறாருங்க. பஸ்ஸைப் பாத்து ஆட்டறாரு. நான் எந்திரிச்சுட்டேன். கொஞ்சம் திரும்பிப் பாருங்க அம்மிணி. நமக்குப் பின்னாடி அவருக்குத் தெரிஞ்ச ஆளு ஆராச்சும் உக்காந்திருக்காங்களா? இல்லையா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. ஆருக்கு ஆட்டறாரு? எனக்குத்தானா?